மூன்று விரல் தண்ணீர்

அன்றைக்குக் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அங்கமுத்து கடைசியாகச் செய்தது, கல்தொட்டிக்குள் மூன்று விரலை விட்டுப் பார்த்ததுதான். தொட்டியின் விளிம்பிலிருந்து மூன்று விரல் கீழே அரத்தால் ஒரு கோடு கீறி வைத்திருந்தான். தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். நின்றது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"செரியா இருக்குதுங்களா?" என்று அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள் தெய்வாத்தாள்.

"கோட்டுலதே நிக்குது. நீயும் கணக்குல இப்பிடி நின்னுட்டீன்னாத் தேவல."

"நானென்ன தண்ணியாங்க, நீங்க கீறுன கோட்டுல நிக்கறதுக்கு?"

அவன் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினான். அவனுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. வீட்டுக்கும் அவன் வேலை செய்த பனியன் கம்பெனிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். திருப்பூர் ராயபுரத்தில் கம்பெனி முதலாளி கட்டி விட்டிருந்த ஆறு லைன் வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பின்னல் மிஷின்கள். அவை ரிப்பேர் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் அங்கமுத்து. காலை எட்டு மணிக்கு அவை ஓடத் தொடங்கினால், இந்தப் பக்கம் அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நடுங்கும்.

அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துதான் தெய்வாத்தாள் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சைக்குப் படித்தாள். ஊத்துக்குளியில் பிறந்த வீட்டிலிருந்தபோது எழுதிய பரீட்சையில் மற்றதெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் இருபத்தெட்டு வாங்கியிருந்தாள். முப்பத்தைந்து வேண்டும். அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. ஐந்து வருஷம் அந்த ஏழு மார்க்கை யாரும் நினைக்கவில்லை. பிள்ளையும் உண்டாகவில்லை. பகலில் கம்பெனியிலிருந்து பனியன் கட்டுகளை வாங்கிவந்து பிசிர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டெலிபோன் ஆபீசுக்குப் பெண்களை எடுக்கிறார்கள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸாக இருந்தால் போதும் என்று ஒருநாள் அங்கமுத்துதான் எங்கேயோ கேட்டுவிட்டு வந்தான்.

"நீ பேசற பேச்சுக்கு ஒயரும் போட்டுக் குடுத்தா, கோயமுத்தூரு வரைக்கும் கேக்கும்" என்றான்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் புத்தகத்தை எடுத்தாள். எடுத்துப் பிரயோசனமில்லை. மிஷின் சத்தம் ஒரே மாதிரி இருந்தால் பழகிவிடும். அது பன்னிரண்டு சத்தம். ஒன்று இழுத்துச் சுற்றும், ஒன்று தட்டித் தட்டிச் சுற்றும், ஒன்று நின்று நின்று கிளம்பும். வட்டிக் கணக்கில் பாதி வரும்போது ஐந்தாம் மிஷின் நிற்கும். ஏன் நின்றது என்று காது அங்கே போய்விடும். திரும்பி வரும்போது அசல் எது, வட்டி எது என்று மறந்திருக்கும். ஒரு நாளைக்கு மூன்று கணக்குப் போட்டால் அதிகம். அதிலும் இரண்டு தப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் சாப்பிட வந்த அங்கமுத்து, அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். பதினொரு கணக்கு இருந்தது. விடைப் பக்கத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். ஒன்றுதான் தப்பு.

"மிஷினு ஓடலயாக்கும்னு நெனச்சனுங்க" என்றாள் அவள்.

"பன்னெண்டும் ஓடுது."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை ஓட்டின்மேல் விழுந்து, விளிம்பில் வழிந்து, வாசலில் இருந்த தகர வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு தன் வேலையில் நடக்கிற ஒரு காரியத்தைச் சொன்னான். பன்னிரண்டும் ஓடும்போது ஒரு மிஷினின் கோளாறு மட்டும் கேட்க வேண்டுமென்றால், மற்றதை நிறுத்தச் சொல்ல முடியாது. திருப்புளியின் முனையை அந்த மிஷின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொள்வான். அந்த ஒரு சத்தம் காதுக்குள் வந்துவிட்டால் மற்ற பதினொன்றும் போன இடம் தெரியாது.

"சத்தத்த நிறுத்த முடியாது. ஒன்னப் புடிச்சுட்டா மத்தது போயிரும். உனக்கு மழை புடிக்குது. அவ்வளவுதே."

"அப்ப மழை பேயற அன்னைக்கு மட்டும் படிக்கறனுங்க. அம்பது வயசுல பாஸாயிருவேன்."

"மழைய நாங் கொண்டாறேன்" என்றான்.

அவன் வாயில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. முதலில் சன்னலில் காய்ந்த பனையோலையைக் கட்டித் தொங்கவிட்டான். காற்று வந்தால் சலசலக்குமாம். காற்று அவனைக் கேட்டுக்கொண்டா வரும்? இரண்டு நாளில் அதை அடுப்புக்குப் போட்டாள். அப்புறம்தான், அக்கினி நட்சத்திரத்தில் அவிநாசிக் கோயிலில் லிங்கத்துக்கு மேலே தொங்கும் தாரா பாத்திரம் அவன் நினைவுக்கு வந்தது. அடியில் சின்ன ஓட்டை. அதன் வழியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டேயிருக்கும்.

புது மண்குடம் ஒன்று வாங்கிவந்தான். இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு, அரத்தின் கூர்முனையை வைத்துத் திருகித் திருகி, மூன்று நாளில் அடியில் ஓட்டை போட்டான். பனியன் துணியிலிருந்து உருவிய நூலைத் திரியாக முறுக்கி ஓட்டையில் செருகினான். இரண்டு இழை வைத்தால் ஒழுகியது. ஆறு இழை வைத்தால் சொட்டு வர மறந்துவிட்டது. நான்கு இழையில் சரியாக வந்தது. அந்தக் குடத்தில் காலையில் நிரப்பிய தண்ணீர் மறுநாள் காலைவரைக்கும் சொட்டியது.

எதன்மேல் விழ வேண்டும் என்பதற்கு அதற்கு மேலும் ஒரு வாரம். பித்தளைத் தட்டில் விழுந்தால் மணியடிப்பது மாதிரி இருந்தது, தலைவலி வந்தது. மண்ணில் விழுந்தால் ஒன்றுமே கேட்கவில்லை. கடைசியில் அடுப்படி மூலையில் சும்மா கிடந்த கல்தொட்டிக்கு மேலே குடத்தைக் கட்டினான். தண்ணீர்மேல் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. ஆழத்திலிருந்து யாரோ 'ம்' கொட்டுவது மாதிரி. தொட்டியில் தண்ணீர் குறைவாக இருந்தால் அது அலறியது. தளும்பத் தளும்ப இருந்தால் அமுங்கியது. விளிம்பிலிருந்து மூன்று விரல் கீழே இருந்தால்தான் சரி என்று கண்டுபிடித்து, அங்கே கோடு கீறினான். தொட்டித் தண்ணீரையே மொண்டு குடத்தை நிரப்புவான். ஆகவே ஒரு குடம் தண்ணீரும் வீணாகவில்லை. கீழே விழுந்தது மறுநாள் மேலே போனது.

இரண்டாம் நாளே பலன் தெரிந்தது. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே ஒரு வரி எழுதினாள். காது மூலையில் கட்டிக்கிடந்தது. மார்கழி முடிவதற்குள் வட்டியும் விகிதமும் முடிந்துவிட்டன. இயற்கணிதம் ஓடியது.

தைப்பொங்கலுக்கு வெள்ளகோவிலிலிருந்து அங்கமுத்துவின் அக்கா வேலாத்தாளும் அவள் புருஷன் சாமியப்பனும் வந்தார்கள். வேலாத்தாள் ஆள் வாட்டசாட்டம், பேச்சும் அப்படி. கரும்பை இறக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குள் தலையை நீட்டியவள், குடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"ஏங்கண்ணு அங்கமுத்து, இதென்ன கூத்து?"

"படிக்கறதுக்குங்க அக்கா."

"ஓட்டக் கொடத்த ஊட்டுக்குள்ள தொங்கவுட்டுட்டுப் படிப்பாங்களா? ஓட்டக் கொடம் எங்க போற கொடம்னு தெரியாதா உனக்கு?"

எல்லோருக்கும் தெரிந்ததுதான். மயானத்தில், கொள்ளி வைக்கிறவன் தோளில் தண்ணீர்க் குடத்தோடு மூன்று சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஓட்டை போடுவார்கள். மூன்றாம் சுற்று முடிந்ததும் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். ஓட்டைக் குடம் என்றால் அதுதான்.

"அவிநாசிக் கோயல்லயும் தொங்குதுங்களே."

"அது சாமிக்கு. நீ சாமியா?"

"அவளுக்கு நாந்தானுங்க சாமி" என்று அவன் சொல்ல, சாமியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வேலாத்தாள் சிரிக்கவில்லை.

"ஏனம்மிணி, நீயாச்சும் சொல்லப்படாதா?" என்று தெய்வாத்தாளிடம் திரும்பினாள்.

"சொட்டு நின்னா எனக்குக் கணக்கு வராதுங்க நங்கை."

"நல்லாத்தேன் சேந்தீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு வேலாத்தாள் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். கிளம்புகிற வரைக்கும் அடுப்படிக்குள் வரவில்லை. சோற்றை வாசலுக்கே வாங்கிக்கொண்டாள்.

அதெல்லாம் நடந்து ஒன்றரை மாதம் கழித்து, மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, அங்கமுத்து கோட்டைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனான். பரீட்சைக்கு இருபத்தாறு நாள் இருந்தது. தெய்வாத்தாள் சோற்றை இறக்கி வைத்துவிட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாள். அன்றைக்குக் காரணிப்படுத்துகிற கணக்கு. பதினாலு கணக்கில் பதினொன்றை முடித்துவிட்டுப் பன்னிரண்டாவதில் இருந்தபோது கதவு தட்டினார்கள். முதல் தட்டும் இரண்டாவது தட்டும் அவளுக்குக் கேட்கவில்லை.

மிஷின் ஓட்டுகிற ராசப்பன் நின்றுகொண்டிருந்தான். அவன் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

"அக்கா, கொஞ்சம் வாங்க" என்றான். எதற்கு என்று சொல்லவில்லை.

கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் கவனித்தாள். மிஷின் சத்தம் இல்லை. பன்னிரண்டும் நின்றிருந்தன.

அங்கமுத்து மோட்டார் சுவிட்சைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கியிருக்கிறது. மெயினை அணைக்க ஓடினார்கள். அணைத்ததும் எல்லாம் நின்றுவிட்டன. அது பதினொரு மணி. ராசப்பன் வந்து கதவைத் தட்டியபோது பதினொன்றரை. அந்த அரை மணி நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் கத்தியிருக்கிறார்கள், ஓடியிருக்கிறார்கள், வண்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் அவள் மூன்று கணக்குப் போட்டிருக்கிறாள். பின்னால் எப்போதோ விடைப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். மூன்றும் சரி.

வெள்ளகோவிலுக்கு ஆள் போய், உறவுகள் வந்து சேர மாலை நாலு மணி ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தார்கள். பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கமில்லை. தெருமுனையோடு நின்றுகொண்டார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு எல்லோரும் வந்து உட்கார்ந்தபோது, தெய்வாத்தாள் எழுந்து அடுப்படிக்குள் போனாள். தொட்டி இருந்தது. குடம் இல்லை. கயிறு மட்டும் தொங்கியது.

அவள் வெளியே வந்து, "கொடம் எங்கீங்க?" என்று கேட்டாள்.

வாசலில் இருந்த சாமியப்பன் எழுந்து வந்தான். கணவனின் அக்காள் புருஷன், அவளுக்கு அண்ணன் முறை.

"நாந்தேன் அம்மிணி எடுத்தேன். சடங்குக்கு வாங்குன புதுக் கொடம் வண்டிலயே வாய் ஒடஞ்சு போச்சு. மறுக்கா வாங்கப் போனாப் பொழுது ஆயிரும்னாங்க. இது கைக்கு அம்பட்டுது. தண்ணியத் தொட்டீலயே ஊத்திட்டு எடுத்துட்டுப் போயிட்டேன்."

அவன் நல்ல மனுஷன். மறைக்கத் தெரியாதவன். மீதியையும் சொல்லிவிட்டான்.

"சடங்கு செய்ய வந்த பெரியவரு பாத்துட்டு, இதுல ஒன்னு ஏற்கெனவே இருக்குது, ரெண்டு போட்டாப் போதும்னு சொன்னாரு. அப்பிடியே செஞ்சோம்."

"செரிங்கண்ணா" என்றாள் தெய்வாத்தாள்.

அங்கமுத்து மூன்று நாள் திருகிப் போட்ட ஓட்டை முதல் சுற்றுக்கு ஆகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. வேலாத்தாள் அந்தப் பக்கமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அன்றைக்கே சொல்லவில்லையா என்று அவள் கேட்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, பின்னாலும் சரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தெய்வாத்தாளை வெள்ளகோவிலுக்கு அழைத்துப்போவதாகப் பேச்சு. சாமியப்பனுக்குத் தோட்டம் இருந்தது, மாடு கன்று இருந்தது. "ஒரு வாய் சோத்துக்கு எங்களூட்ல என்ன பஞ்சம்" என்று அவன் மனதாரத்தான் சொன்னான். அவர்களோடு போய்விட்டால் சாகிறவரைக்கும் அந்த ஒரு வாய் சோறுதான் என்பது தெய்வாத்தாளுக்குத் தெரியும். ஊத்துக்குளியில் அண்ணன் வீடும் அப்படித்தான்.

"நாம் பரிச்ச எழுதோணுமுங்க. இன்னும் பத்து நாளுதே இருக்குது" என்றாள்.

உறவில் ஒருத்தி, "புருஷன் போயிப் பதினாறு நாளு ஆகுது, பொண்ணுக்குப் பரிச்சையாமா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் காது கேட்கிற மாதிரியே சொன்னாள்.

வேலாத்தாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எங்கண்ணு கட்டுன பீசு அது. நீயா கட்டுனே?" என்று அவளைப் பார்த்துக் கேட்டுவிட்டு, தெய்வாத்தாளிடம் திரும்பினாள். "எழுது. பாஸானா இங்கயே இரு, ஆபீசுக்குப் போ. ஆகலீன்னா வண்டி ஏறிரோணும். அப்பொறம் ஒரு பேச்சுப் பேசப்படாது."

"செரிங்க நங்கை."

சாமியப்பன் ஊருக்குப் போனான். வேலாத்தாள் பரீட்சை வரைக்கும் துணைக்கு இருந்தாள்.

மறுநாள் தெய்வாத்தாள் புத்தகத்தைத் திறந்தாள். மிஷின்கள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் முன்பிருந்த சத்தமில்லை. ஏழாம் மிஷின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டக்' என்று இடித்தது. முன்பெல்லாம் எந்த மிஷினும் இடித்து அவள் கேட்டதில்லை. இடிக்கத் தொடங்கின அன்றைக்கே அங்கமுத்து சரிசெய்துவிடுவான். வழியில் ராசப்பனைப் பார்த்தபோது கேட்டாள்.

"ஒரு வாசர் தேஞ்சிருக்குதுங்க அக்கா. எந்த வாசருன்னு அண்ணனுக்குத்தேன் தெரியும். காதுல வெச்சுப் பாத்துச் சொல்லிப்போடும். புது ஃபிட்டரு மிஷினப் பூராக் கழட்டோணும்கறாரு. மொதலாளி ஓடற வரைக்கும் ஓடட்டும்கறாரு."

ஆக, அந்த 'டக்' பரீட்சை வரைக்கும் நிற்கப்போவதில்லை. ஒரு வரி எழுதினால் ஒரு இடி. காதை அடைத்துக்கொண்டு பார்த்தாள். தரை வழியாக வந்தது. மூன்று நாளில் நாலு கணக்கு. தெரிந்த கணக்கெல்லாம் தப்பியது. வேறு குடம் வாங்கலாம். அரம் கிடக்கிறது, நூல் கிடக்கிறது, நான்கு இழை என்பதும் தெரியும். ஆனால் அந்தச் சொட்டுக்குள் இறங்கித்தான் பன்னிரண்டு மிஷின் நின்றதைக் கேட்காமல் இருந்தாள். குடத்தை நினைக்கிறபோதெல்லாம் அந்த அரை மணி நேரமும் சேர்ந்து வந்தது. இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. 'குடம் வேண்டாம்' என்று மட்டும் தனக்குள் முடிவு செய்துகொண்டாள். வண்டி ஏற வேண்டியதுதான் என்றும் பாதி முடிவு செய்திருந்தாள்.

நாலாம் நாள் மத்தியானம், நோட்டை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவளை வேலாத்தாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு பலகையை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். பொங்கலுக்கு வந்தபோது கால் வைக்காத இடம். தொட்டிக்குள் கையை விட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு சொம்பால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பிறகு ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

தெய்வாத்தாள் எட்டிப் பார்த்தாள். வேலாத்தாள் ஒரு பனியன் துணியைச் சொம்பில் நனைத்து, தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு, மெல்லப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்னுங்க நங்கை இது?"

"ஓட்டக் கொடந்தானே ஊட்டுக்கு ஆகாது? கை ஆகும். நீ போய்ப் படி."

"தண்ணி கோட்டுல நிக்கோணுமுங்க. வெளிம்புல இருந்து..."

"மூனு வெரலு. வெச்சுப் பாத்துட்டேன். எங்களூட்டு வெரலு எல்லாருக்கும் ஒரே தண்டிதே."

தெய்வாத்தாள் திரும்பிப்போய் உட்கார்ந்தாள். கணவன் வைத்த சொட்டு கடிகாரம் மாதிரி விழும். வேலாத்தாளின் சொட்டு அப்படியில்லை. இரண்டு சேர்ந்து விழும், அப்புறம் காணோம், என்ன ஆயிற்று என்று பார்த்தால் அவள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருப்பாள். சில சமயம் சொட்டோடு பேச்சும் விழும்.

"இன்னும் எத்தன சொட்டு உடோணும்?"

"நீங்க பேசாம இருந்தாப் போதுமுங்க நங்கை."

"பேசாம கைய மட்டும் ஆட்டறதுக்கு நானென்ன மிஷினா? மிஷினே அக்கட்டால டக்கு டக்குனு பேசுது."

இருந்தாலும் கணக்கு வந்தது. முதல் நாள் ஐந்து. மறுநாள் ஏழு. சொட்டு தவறினால் தலையைத் தூக்கினாள், விழுந்தால் குனிந்தாள். முழுக்க உள்ளே இறங்கவில்லை. யாராவது கதவைத் தட்டினால் முதல் தட்டிலேயே கேட்டது. அப்படி இருப்பதே அவளுக்குத் தேவலையாக இருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் வேலாத்தாளின் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "துணி தொவைக்கறவளுக்குக்கூட இப்பிடி ஆகாது" என்று அடுப்பில் கையைக் காய்த்துக்கொண்டாள்.

பரீட்சை பெண்கள் பள்ளிக்கூடத்தில். வேலாத்தாள் கூடவே வந்து, கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டாள். ஹாலில் இருந்த மற்றவர்களெல்லாம் சின்னப் பெண்கள். வெறும் நெற்றியோடு, நிறம் மங்கின சேலையில் வந்தவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வினாத்தாள் கொடுத்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஹாலில் சத்தமே இல்லை. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் சத்தத்தோடு சண்டை போட்டுத்தான் பழக்கம். இங்கே பிடிக்கவும் ஒன்றுமில்லை, தள்ளவும் ஒன்றுமில்லை. முதல் கணக்கைப் படித்தாள். ஒழுகுகிற தொட்டி ஒன்று, ஒரு குழாய் நிரப்புகிறது, ஒரு குழாய் காலி செய்கிறது, எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்ற கணக்கு. அங்கமுத்து நினைவுக்கு வந்தான். அவனைத் தள்ளினால் அந்தச் சனிக்கிழமைப் பதினொரு மணி வந்தது. கால் மணி போயிற்று. அரை மணி போயிற்று. தாளில் பேரும் நம்பரும் தவிர ஒன்றுமில்லை. மேற்பார்வையிட வந்த டீச்சர் அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்.

அப்போது வெளியே மரத்திலிருந்து ஒரு பறவை கூப்பிட்டது. செம்புப் பாத்திரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி, 'டொங்க், டொங்க், டொங்க்' என்று ஒரே அளவில். அதற்குப் பெயர் என்னவென்று அவளுக்குத் தெரியாது. எல்லா வருஷமும் வெயில் காலத்தில் கூப்பிடுகிற பறவைதான், அவள் கவனித்ததில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை முழங்கையூன்றிக் காதோடு அழுத்திக்கொண்டாள், திருப்புளி பிடிக்கிறவனைப் போல. அந்தச் சத்தத்தை மட்டும் பிடித்தாள். பத்துத் தட்டு. இருபது தட்டு. பிறகு தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு வரி எழுதினாள்.

அந்தப் பறவை எப்போது நிறுத்தியது என்று அவளுக்குத் தெரியாது. எட்டாம் கணக்கு முடிந்து தாள் வாங்க எழுந்தபோதுதான் சத்தமில்லை என்று கண்டாள். மணியடிக்கும்போது ஒன்றைத் தவிர எல்லாம் எழுதியிருந்தாள். விட்டது அந்தத் தொட்டிக் கணக்கு.

வெளியே வந்தபோது வேலாத்தாள் மரத்தடியில் எழுந்து நின்று சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"எழுதியிருக்கறனுங்க."

"எழுதாம என்ன பண்ணுவ, அத்தன சொட்டு உட்டிருக்கறேன்" என்றாள். மறுநாள் காலையில் அவள் வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினாள். ஏறுமுன், "ரிசல்ட்டு வரட்டும், அதுக்கு முன்னாடி வண்டி அனுப்பமாட்டம்" என்று மட்டும் சொன்னாள்.

ரிசல்ட் வைகாசியில் வந்தது. கணக்கில் நாற்பத்திரண்டு. ராசப்பன் பேப்பரில் நம்பரைப் பார்த்துவிட்டு, கம்பெனியிலிருந்தே சுவருக்கு மேலாகக் கத்திச் சொன்னான். மிஷின் சத்தத்திலும் அவளுக்கு முதல் தடவையே கேட்டது. அடுத்த வருஷம் ஆடியில் டெலிபோன் ஆபீசில் சேர்ந்தாள். சாமியப்பன் வண்டியில் வந்தான், ஆனால் வெறும் வண்டியில் இல்லை. ஒரு மூட்டை நெல்லும் ஒரு புதுக் குடமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். குடத்தைப் பற்றி அவனும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அதில் குடிக்கிற தண்ணீர் ஊற்றி வைத்தாள். நாலைந்து வருஷம் இருந்து, பாசி பிடித்து, பிறகு அதுவும் உடைந்தது.

கம்பெனி அறுபத்தொன்பதில் வேறு கைக்கு மாறியது. பழைய மிஷின்களை எடைக்குப் போட்டார்கள். ஏழாம் மிஷின் அதுவரைக்கும் இடித்துக்கொண்டுதான் இருந்தது. வேலாத்தாள் எழுபத்திரண்டில் இறந்தாள். தெய்வாத்தாள் அந்த லைன் வீட்டிலேயே வாடகைக்கு இருக்கிறாள். கூரைக்குப் புது ஓடு போட்டாயிற்று. கயிறு கட்டிய கட்டையையும் அப்போது மாற்றிவிட்டார்கள். கல்தொட்டியை நகர்த்த நாலு ஆள் வேண்டும் என்பதால் அதை மட்டும் யாரும் தொடவில்லை. இப்போது அதில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் நிற்கிறது. உள்பக்கம் உப்புப் படிந்து வெளுத்துவிட்டது, ஆனால் அங்கமுத்து அரத்தால் கீறிய கோடு தெரிகிறது. விளிம்பிலிருந்து அந்தக் கோட்டுக்கு அவன் விரலால் மூன்று. அவள் விரலால் நான்கு.